கிண்ணத்தில் வந்த நரைமுடி

சாங்பில் கடலுக்குப் போன ஐம்பத்து மூன்றாவது நாள் காலையில், அவனை மேலே கொண்டுவருவதற்காக ஒரு வெண்கலக் கிண்ணம் நிறைய அரிசி தயாராயிற்று. அரிசியைப் பார்த்துப் பொறுக்கியவள் அவன் அம்மா யோப்சுன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. தலையைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு முற்றத்து வெயிலில் உட்கார்ந்தாள். கைப்பிடி கைப்பிடியாக வெள்ளைத் துணியில் பரப்பி, முடியோ உமியோ தூசியோ இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிண்ணத்தில் கொட்டினாள். மருமகள் குவிரே வாற்கோதுமைத் தேநீர் கொண்டுபோனபோதுகூடக் கிட்டே விடவில்லை.

"அங்கயே வை. உன் தலை இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றாள்.

காரணம் இருந்தது. தண்ணீரில் போனவனுக்காகக் கடலில் போடும் கிண்ணத்தில், திரும்ப எடுக்கும்போது ஒரு முடி இருக்க வேண்டும். மூடி போட்டுத் துணி சுற்றிக் கட்டிய கிண்ணத்துக்குள் முடி எப்படி வரும் என்று நோருமோக் கரையில் யாரும் கேட்பதில்லை. வந்தால் ஆள் ஏறி வந்துவிட்டான் என்று அர்த்தம். அவனுக்குச் சோறு வைத்து, துணி கொடுத்து, அழுது, அனுப்பிவைக்கலாம். வராவிட்டால் இன்னும் கீழேயே கிடக்கிறான். ஊருக்கு இந்த இரண்டு அர்த்தம்தான் தெரியும். யோப்சுன் மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தாள். முடி வராவிட்டால் மகன் சாகவே இல்லை.

கணவாய் மீன் பிடிக்கும் படகில் மூன்று பேர் போனார்கள். திடீரென்று அடித்த காற்றில் படகு கவிழ்ந்தது. நான்காம் நாள் இரண்டு பேர் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். சாங்பில் ஒதுங்கவில்லை. மற்ற இரண்டு வீட்டிலும் அழுது முடித்து, புதைத்து, பெண்கள் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு மறுபடியும் கணவாய் அறுக்க வந்துவிட்டார்கள். இந்த வீட்டில் மட்டும் எதுவும் தொடங்கவே இல்லை. யோப்சுன் யாரையும் அழ விடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, எல்லைக்கு அப்பாலுள்ள வடக்கத்திக் கப்பல்காரன் பிடித்துவைத்திருப்பான், பக்கத்து ஊரில் ஒருத்தன் பதினோரு மாதம் கழித்து வரவில்லையா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

குவிரே அழாததற்கு மாமியாரின் தடை காரணமல்ல. அவளுக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான். காலையில் எழுந்தாள், கணவாயின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தாள், கழியில் கோத்துக் காயப்போட்டாள், சாப்பிட்டாள், படுத்தவுடன் தூங்கினாள். தூக்கம் வராமல் புரண்டிருந்தாலாவது ஊர் மன்னித்திருக்கும். கடைக்காரி போக்னே காதில் விழும்படியே சொன்னாள், "இவளுக்கு நெஞ்சுல என்ன இருக்கோ. புருஷன் போயிருக்கான், ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிடறா." குவிரேவுக்குக் கோபம்கூட வரவில்லை. இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டது உண்மைதானே என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். குழந்தை இல்லை. நல்லவன்தான் சாங்பில், குடித்தால் பாடுவான், பாடினால் தூங்கிவிடுவான். அவனை நினைத்துப் பார்க்க முயன்றால், சுவரில் மாட்டிய அடுத்த வீட்டுக்காரர் படத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. இது அவளைப் பயமுறுத்தியது. அவன் என்ன ஆனான் என்பதைவிட, முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது. சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வர வேண்டியது தானாக வரும் என்று நம்பினாள். அதனால்தான் பத்து நாளைக்கு முன்பு அவளே வாயைத் திறந்தாள்.

"அத்தை, கிண்ணம் போட்டுப் பாக்கலாம்."

யோப்சுன் கிம்சி ஊறுகாயைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கத்தரி நின்றது. "அவனைச் சாகடிக்கணும்னு உனக்கு அவ்வளவு அவசரமா?"

"அவசரம் இல்ல அத்தை. தெரிஞ்சா போதும்."

"சரி, போடு. முடி வந்துச்சுன்னா நானே வெள்ளை கட்டிக்கறேன். வரலைன்னா இந்த வீட்டுல செத்தான்கிற வார்த்தையை எவளும் சொல்லக்கூடாது. நீயும்தான். எனக்கப்புறமும்."

குவிரே ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட பிறகுதான், முடி வராவிட்டால் மிச்ச ஆயுள் முழுக்கச் செத்தவனுமில்லாத, இருப்பவனுமில்லாத ஒருத்தனுக்குப் பெண்டாட்டியாகக் கணவாய் அறுக்க வேண்டியதுதான் என்று உறைத்தது. அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

ஆவி அழைக்கும் சோங் அம்மா ஒரு சின்னச் சரக்கு வண்டியில் வந்து இறங்கினாள். கூட மத்தளம் அடிக்கும் புருஷன், தாளம் தட்டும் மைத்துனன். தலைமுறை தலைமுறையாக இந்தக் கரையில் இதே தொழில் செய்கிற குடும்பம். சாமி களை, தெய்வ முகம் என்று எதுவும் அவளிடம் கிடையாது. குழாய் பழுதுபார்க்க வந்தவள்போல் முதலில் அலைதடுப்புச் சுவரின் நுனிவரை நடந்துபோய்த் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தாள். திரும்பி வந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, மூன்று கரண்டி சர்க்கரை போட்ட காபி வாங்கிக் குடித்தாள். பிறகு கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்து, "யாரு கட்டினது இது?" என்றாள்.

"நான்தான்" என்றாள் யோப்சுன்.

"எறும்புகூட நுழைய முடியாதபடி கட்டியிருக்கீங்க."

"வர்றவன் வருவான்."

சோங் அம்மா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, முடிச்சை அப்படியே விட்டுவிட்டாள். நீளமான வெள்ளைத் துணியின் ஒரு நுனியில் கிண்ணம் கட்டப்பட்டது. மறுநுனி மருமகளின் கையில் கொடுக்கப்பட்டது. பாயில் சாங்பிலின் நீல நிறக் கோட்டும் கால்சட்டையும், ஆள் மல்லாந்து படுத்திருப்பதுபோல் விரித்துவைக்கப்பட்டன. கல்யாணத்துக்குத் தைத்தது, அதற்குப் பிறகு நான்கு தடவைதான் போட்டிருப்பான். கடலுக்குள் இருப்பவன் வெளியே வர வேண்டுமானால் அவனுக்குப் பதிலாக ஒரு உயிர் உள்ளே போக வேண்டும் என்பதால் ஒரு சேவலும் இருந்தது. சேவலிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஊரே அலைதடுப்புச் சுவரில் வந்து குந்தியிருந்தது. மத்தளம் தொடங்கியது. சோங் அம்மா கடலைப் பார்த்து நீட்டி நீட்டிப் பாடினாள். சேவல் போயிற்று, பிறகு கிண்ணம் போயிற்று. பெற்றவள் கூப்பிட வேண்டும் என்றபோது யோப்சுன் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பெண்டாட்டி கூப்பிட வேண்டும் என்றபோது குவிரே, "வாங்க. குளிருது, வாங்க" என்றாள். ஆறிப்போகும் முன் சாப்பிட வரச் சொல்வதுபோல்தான் இருந்தது அவள் குரல். போக்னே பக்கத்திலிருந்தவளை இடித்துக் காட்டினாள்.

முதல் தடவை இழுத்துத் திறந்தார்கள். யோப்சுன் ஈர அரிசியைத் துணியில் கொட்டி விரலால் கோடு கோடாக விலக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் ஒன்றுமில்லை. ஐம்பத்து மூன்று நாளில் முதல் தடவையாக யோப்சுனின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியது. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள்.

"போதும். கட்டுங்க மூட்டையை."

"மூணுன்னா மூணும்மா. பாதியில நிறுத்தறதுக்கு இது அரிசி களையறது இல்ல" என்றாள் சோங் அம்மா.

குவிரே துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். மூன்றாவது கிண்ணமும் இப்படியே வரும், வீட்டுக்குப் போவோம், நாளைக்கும் கணவாய் இருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பிலும் துக்கம் இல்லை, களைப்புதான் இருந்தது.

மூன்றாவது தடவை அரிசியின் நடுவில் ஒரு முடி கிடந்தது.

எல்லோரும் குனிந்தார்கள். விரல் நீளம். நேரான முடி. நுனியிலிருந்து அடிவரை வெள்ளை. மத்தளம் அடித்தவர் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சாங்பிலுக்குக் கறுப்புச் சுருட்டை முடி என்பது அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"யாரோட தலையிலிருந்தோ விழுந்திருக்கு" என்றார் பியோங்கு. யோப்சுனுக்கு மைத்துனர் முறை, ஊரில் மூத்த ஆள். சொல்லிவிட்டு எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "என்னை எதுக்குப் பாக்கறீங்க. எனக்கு விழறதுக்கு என்ன இருக்கு."

யோப்சுன் மாதம் தவறாமல் தலைக்கு மை போடுகிறவள். குவிரேவுக்கு இன்னும் நரைக்கவில்லை. சோங் அம்மாவின் முடி சுருள் வைத்துச் செம்பட்டை அடித்தது. சோங் அம்மா மெதுவாகக் கேட்டாள், "இந்த வீட்டு ஆளு வேற யாராச்சும் இந்தத் தண்ணியில இருக்காங்களா?"

யோப்சுன் முடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தப் பொய்யன்" என்றாள்.

அவள் புருஷன் தூமான். இருபத்தைந்து வயதிலேயே தலை முழுக்க வெளுத்துப்போனவன். வாயைத் திறந்தால் பொய் என்று பேர் எடுத்தவன். வலை பின்னுகிறேன் என்று போய்ச் சீட்டாடுவான்; சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பான். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், சாங்பிலுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இரவல் படகில் கிளம்பிப் போனான். படகு மட்டும் அடுத்த வளைவில் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அதே வாரம் மதுக்கடைக்காரி ஒருத்தியும் ஊரைவிட்டுப் போனாள். ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. யோப்சுனும் நம்பினாள். அவனுக்குத் திதி கிடையாது, படையல் கிடையாது. வருஷப் பிறப்பன்று மற்ற வீடுகளில் முன்னோரைக் கும்பிடும் நேரத்தில் அவள் பூசான் நகரம் இருக்கும் திசையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அவன் அங்கேதான் அந்த மதுக்கடைக்காரியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று அவ்வளவு நிச்சயம்.

"அப்போ ஓடிப்போகலையா அவரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"திரும்பக் கிண்ணம் போடுங்க" என்றாள் குவிரே. அன்று அவளாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "எங்க வீட்டுக்காரருக்கு இன்னொரு தடவை போடுங்க."

சோங் அம்மா தலையை ஆட்டினாள். "மூணுக்கு மேல கிடையாது. வந்தவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. வாசல் வரைக்கும் வந்த ஆளு, முப்பது வருஷப் பசி. இவரைக் கவனிச்சு அனுப்பிட்டு, அறுபது நாள் கழிச்சு உன் புருஷனுக்குப் பாக்கலாம். அந்தத் துணியைக் குடும்மா."

பாயில் கிடந்த நீலக் கோட்டைத்தான் சொன்னாள். குவிரே குனிந்து எடுத்து, சுருக்கத்தை நீவி, மடித்துக் கொடுத்தாள். முன்பின் பார்த்தறியாத ஒரு மாமனாருக்குப் புருஷனின் கல்யாணக் கோட்டைக் கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வயிற்றெரிச்சல் வர வேண்டிய இடம் அது. வரவில்லை.

வந்தவர் பேச வேண்டுமானால் இலையோடு வெட்டிய பச்சை மூங்கிலை ஒருவர் பிடிக்க வேண்டும். கேள்விக்கு மூங்கில் ஆடினால் ஆமாம், நின்றால் இல்லை. பிடித்தவர் வாயில் சில சமயம் பேச்சும் வரும். யோப்சுன் பிடிக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டாள். பியோங்கு பிடித்தார். கால்மணி நேரம் மத்தளம் முழங்கியும் ஓர் இலை அசையவில்லை. சோங் அம்மா பிடுங்கி வாங்கினாள். "இவர் தலைக்குள்ள ஆயிரம் ஓடுது. சும்மா இருக்கிற ஆளு வேணும்" என்று சுற்றிப் பார்த்து, மூங்கிலைக் குவிரேவின் கையில் திணித்தாள்.

முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு மேலே இலைகள் சலசலத்தன. குவிரே தன் கைகளைப் பார்த்தாள். அவை மணிக்கட்டிலிருந்து நடுங்கின. அவள் நிறுத்த முயலவும் இல்லை, ஆட்ட முயலவும் இல்லை. யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தது தூமான்தானா?" என்று கேட்டாள் சோங் அம்மா. மூங்கில் ஆடியது. பெண்கள் சிலர் அழத் தொடங்கினார்கள். "கேளுங்கம்மா, கேக்க வேண்டியதைக் கேளுங்க" என்று யோப்சுனை முன்னால் தள்ளினாள்.

யோப்சுன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மூங்கிலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவகூடப் போகலையா நீ?"

மூங்கில் அசையாமல் நின்றது.

"அன்னைக்கே தண்ணியிலதான் போனியா?"

ஆடியது.

"முப்பத்தொரு வருஷமா நான் திட்டினதெல்லாம் காதுல விழுந்துச்சா?"

மூங்கில் வெறிபிடித்ததுபோல் ஆடியது. குவிரேவின் தோள்கள் குலுங்கின. அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். யோப்சுன் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என் பையன் உன்கிட்ட இருக்கானா?"

மூங்கில் நின்றது. மத்தளமும் நின்றது. ஆமாம் என்று ஆடிவிடு என்று குவிரே கையிடம் கெஞ்சினாள். இந்த ஒன்று போதும், முடிந்துவிடும். கை ஆடவில்லை. அவள் வாய் திறந்துகொண்டது.

"இல்ல பொண்ணே. இங்க இல்ல. நீ தூங்கு."

அவள் குரல்தான். ஆனால் நிதானமாக, யாருக்கோ போர்வை இழுத்துவிடுகிறவர் பேசுவதுபோல் வந்தது. அறுபத்துமூன்று வயதுக்காரியைப் பொண்ணே என்றது கேட்டுப் பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்றாள். யோப்சுன் மூங்கிலுக்கு முன்னால் இரண்டு கையையும் தரையில் ஊன்றி விழுந்து கும்பிட்டாள். எழுந்து, நீலக் கோட்டைத் தானே எடுத்துப்போய்த் தீயில் போட்டாள். சோஜு மதுவை ஊற்றினாள். வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அவள் போனதும் கரை முழுக்க ஒரே பேச்சாயிற்று. "அப்பன் வாயாலேயே இல்லைன்னுட்டாரே. அப்போ பையன் உயிரோடதான் இருக்கான்." போக்னேகூடக் குவிரேவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துருவான் பாரு" என்றாள். ஐம்பத்து மூன்று நாளாகக் கல்நெஞ்சுக்காரி என்றவள் அவள்தான்.

சோங் அம்மா வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குவிரே போய் நின்றாள்.

"அதைச் சொன்னது நானா, அவரா?"

"மூங்கில் பிடிச்ச அத்தனை பேரும் என்கிட்ட இதைத்தான் கேக்கறாங்க" என்றாள் சோங் அம்மா. "எனக்கு எப்படிம்மா தெரியும். எங்க பாட்டனுக்கும் தெரியாது. கூப்பிடறது எங்க வேலை. வந்தது யாரு, சொன்னது யாருங்கறதெல்லாம் வீட்டுக்காரங்க பாடு." பிறகு அவளைக் கூர்ந்து பார்த்து, "கை வலிக்கும், சூடா ஒத்தடம் குடு" என்றாள்.

குவிரே மேட்டுப் பாதையில் தனியாக ஏறினாள். தோற்றுவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். இனி அத்தையின் பேச்சுதான் சட்டம், செத்தான் என்ற வார்த்தையே வீட்டில் கூடாது. தானே தன் வாயால் அதைக் கெடுத்துக்கொண்டோம். பாதி மேடு ஏறியபோது அவளுக்குத் தெரியாமலே நினைப்பு வேறு பக்கம் போயிற்று. வடக்கத்திக் கப்பலில் போர்வை கொடுப்பார்களா. அவனுக்கு மீன் எண்ணெயில் பொரித்தது ஒத்துக்கொள்ளாது. பதினோரு மாதம் என்றால் அடுத்த செப்டம்பர். வரும்போது நீலக் கோட்டைக் கேட்டால் என்ன சொல்வது, எரித்துவிட்டோம் என்றா. கோபித்துக்கொள்ள மாட்டான், சிரிப்பான், வேறொன்று தைக்கலாம். கறுப்பில் தைக்கலாம்.

அவள் நின்றுவிட்டாள். நெஞ்சுக்குள் மரத்துப்போன காலுக்கு இரத்தம் திரும்பும்போது குத்துவதுபோல் குத்தியது. வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சுவரில் மாட்டிய படமாக இருந்தவன், கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, கிணற்றடியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான். குவிரே மிச்ச மேட்டை ஓட்டமும் நடையுமாக ஏறினாள். அத்தையிடம் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் யோப்சுன் தரையில் உட்கார்ந்திருந்தாள். பழைய மரப்பெட்டி திறந்து கிடந்தது. மடியில் வெளுக்காத சணல் துணி. துக்கத்துக்குக் கட்டுகிற துணி. அளந்து, வெட்டி, ஓரம் மடித்துத் தைக்கத் தொடங்கியிருந்தாள். இரண்டு பாவாடைக்கு வெட்டியிருந்தாள்.

"மாமாவுக்கா அத்தை?" என்று கேட்டாள் குவிரே.

"அவருக்கும்தான்."

"அவருக்குமா?"

யோப்சுன் நூலைப் பல்லால் கடித்தாள். "உக்காரு. உன் பாவாடைக்கு இடுப்பு அளக்கணும்."

"அவரு இல்லைன்னுதானே சொன்னாரு. அங்க இல்லைன்னு சொன்னாரே அத்தை. ஊரே கேட்டுச்சு."

"கேட்டேன்."

"அப்புறம் எதுக்கு இது?"

யோப்சுன் இரண்டு மூன்று தையல் போட்ட பிறகு, துணியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"சாங்பிலுக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. உனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. எட்டு மாசம். எனக்கு விஷக்காய்ச்சல், அவளுக்கும். நான் கண்ணைத் திறக்கறப்பல்லாம் குழந்தை எங்கன்னு கேப்பேன். எங்க அக்கா வீட்டுல இருக்கா, பால் குடிக்கறா, சிரிக்கறான்னு சொல்லுவாரு. அழுகுரல் கேக்குதே, செத்துப்போச்சான்னு கேப்பேன். இல்ல பொண்ணே, இல்ல, நீ தூங்கும்பாரு. ஒன்பது நாள். அவளை முதல் நாளே பைன் மரத்தடியில புதைச்சுட்டு வந்துதான் அப்படிச் சொல்லியிருக்காரு. நான் நம்பித் தூங்கினேன். தூங்கினதாலதான் பொழைச்சேன்னு வைத்தியர் சொன்னாரு. எழுந்து நடக்க முடிஞ்ச அன்னைக்கு அந்த ஆளை விறகுக் கட்டையால அடிச்சேன். அதுக்கப்புறம் அவர் மழை பெய்யுதுன்னாக்கூட நான் வெளியே போய்ப் பாத்துட்டுத்தான் நம்புவேன்."

குவிரே உட்கார்ந்துவிட்டாள்.

"அது நான் சொன்னது அத்தை" என்றாள் அவசரமாக. "அவரு இல்ல. என் வாய்தான், என் குரல்தான். நானாத்தான் உளறினேன்."

"என்னைப் பொண்ணேன்னு கூப்பிட்டது நீயா? எங்க அப்பன்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளு." யோப்சுன் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "மூங்கிலை ஆட்டி ஆமாம்னு சொல்லியிருந்தா, யாரோ போற வர்ற பேய்னு நினைச்சிருப்பேன். இல்லைன்னாரு பாரு, அப்பத்தான் இது அவர்தான்னு தெரிஞ்சுது. சாங்பில் அங்கதான் இருக்கான். அப்பன்கூட இருக்கான். தனியா இல்ல."

கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. இருமி அதைச் சரிசெய்துகொண்டு, அளவு நாடாவை எடுத்துக் குவிரேவின் இடுப்பைச் சுற்றினாள். குவிரே கேட்டது இதைத்தான். பத்து நாளைக்கு முன்னால் இதே இடத்தில் உட்கார்ந்து, தெரிந்தால் போதும் என்று சொன்னவள் அவள்தான். இப்போது தெரிந்துவிட்டது. கிணற்றடியில் துண்டோடு நின்றவனை யாரோ வெளியே கூட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது. அவள் மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, வருவாருன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. நீங்கதானே இத்தனை நாளும் சொன்னீங்க. வருவான்னு சொல்லுங்க."

யோப்சுன் அவள் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள், உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"எனக்கு அது வராதுடி" என்றாள். "அவருக்குத்தான் வரும்."

ஐம்பத்து மூன்று நாள் கழித்துக் குவிரே அழுதாள். கீழே கடைவரைக்கும் கேட்டது என்று பிற்பாடு போக்னே சொன்னாள். யோப்சுன் அவளை ஓயச் சொல்லவில்லை, தூங்கவும் சொல்லவில்லை. அவளுடைய பாவாடையை எடுத்து மடியில் போட்டுத் தைக்கத் தொடங்கினாள்.